கிருமி கொல்லும் விளக்கும் ஹார்லன் தின்ற ஜெல்லியும்

அமெரிக்காவின் வடகோடியில் பனி கொட்டும் எங்கள் மினசோட்டா ஆட்களுக்கு ஒரு வியாதி. வேண்டியதை வாய்விட்டுக் கேட்க மாட்டோம். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்றும் சொல்ல மாட்டோம். சாப்பாடு வாயில் வைக்க விளங்காவிட்டாலும் "இது கொஞ்சம் புதுசா இருக்கே" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் காலி செய்வோம். எனக்கும் அந்த வியாதி முற்றிப்போய்த்தான் இருந்தது.

எங்கள் லூதரன் சர்ச்சின் கீழ்த்தளக் கூடத்துக்கு ஒரு வேக்குவம் கிளீனர் வேண்டியிருந்தது. பழையது ஒரு புதன்கிழமை புகையைக் கக்கிவிட்டு உயிரை விட்டது. ஊர்க் கடைக்காரர் புதுசு ஒன்றை அனுப்பி, ஓட்டிப் பாருங்கள், பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நிமிர்ந்து நிற்கிற வகை. அதன் அடிவயிற்றில் ஒரு புற ஊதா விளக்கு. அந்த ஒளி பட்டால் கார்பெட்டில் இருக்கும் கிருமி செத்துவிடுமாம். உண்மையா என்று பார்க்க மூன்று பேரைப் போட்டார்கள். ஹார்லன் மோ, பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்ற சோல்வெய்க், அப்புறம் லவோன் ஆகிய நான்.

ஹார்லன் மனைவியை இழந்தவர், நான் கணவனை இழந்தவள். பால் வண்டி ஓட்டி ஓட்டி அவருக்கு முதுகு கொஞ்சம் கூனியிருக்கும். சர்ச்சில் எனக்கு முன் வரிசையில் உட்காருவார். அந்த முதுகைப் பார்க்கத்தான் நான் பாதி ஞாயிறுகள் போனேன் என்றால் பாதிரியார் வருத்தப்படுவார். முதல் கூட்டத்திலேயே ஹார்லன், இந்த வேலை முடிந்ததும் தெற்கே வெயில் காயும் அரிசோனாவில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விடப் போவதாகச் சொன்னார். எனக்கு அது பிடிக்கவே இல்லை. வாய் மட்டும், "நல்லதுதான், அங்க பனி வார வேண்டாம்" என்றது. அந்த வாயை என்ன செய்வது?

வேலை முடிந்தால்தானே போவார். முடியாமல் பார்த்துக்கொள்வது என்று தீர்மானித்தேன்.

முதலில் ஓட்ஸைக் கொட்டி இழுத்துப் பார்த்தோம். ஒரே இழுப்பில் போய்விட்டது. என் நாயைச் சீவி, அந்த மயிரைக் கொண்டுவந்து தூவினேன். அதுவும் போனது. பாழாய்ப்போன மெஷின் நன்றாகவே வேலை செய்தது. கனம் அதிகம் என்றேன், ஹார்லன் ஒரு கையால் தூக்கிக் காட்டினார். சத்தம் அதிகம் என்றேன், காது கேட்கிற கருவியைக் கழற்றிவிட்டால் சத்தமே இல்லை என்றார். அவர் சிரிக்கும்போது எனக்கு இன்னும் கோபம் வந்தது.

கடைசியில் விளக்கு ஒன்றுதான் என்னைக் காப்பாற்றியது. ஒவ்வோர் இடத்திலும் மெஷினைச் சற்று நிறுத்திவைத்தால்தான் கிருமி சாகும் என்று கூட வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. சாதாரணமாக ஓட்டினால் கிருமிக்கு வெயில் காய்ந்த மாதிரிதான் இருக்கும் என்றாள் சோல்வெய்க். ஆகவே கூடம் முழுவதும் மெஷினை அங்குலம் அங்குலமாக நகர்த்தினோம். ஹார்லன் தள்ளுவார், நான் பக்கத்தில் வயரைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். ஒரு காலைப்பொழுதே போய்விடும். விளக்கு எரிகிறதா என்று பார்க்கத் தூக்கினால், கண்ணுக்குக் கெடுதல் என்று அதுவாகவே அணைந்துவிடும். அவர் தரையில் முழங்கால் போட்டுக் கன்னத்தைக் கார்பெட்டில் வைத்துப் பார்ப்பார். நானும் வைத்துப் பார்ப்பேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் சுத்தம் செய்ததில்லை.

சோல்வெய்க் பொறுமை இழந்து, போதும், வாங்கிவிடலாம் என்றாள். நான் விடவில்லை.

"கிருமி செத்துச்சான்னு உனக்கு எப்படித் தெரியும்? நீ என்ன சாவுக்குப் போயிட்டு வந்தியா?"

அதுதான் நான் செய்த முட்டாள்தனம். உயிரியல் டீச்சரிடம் போய் யாராவது இப்படிக் கேட்பார்களா? அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. மாட்டிறைச்சிச் சாற்றில் ஜெலட்டின் போட்டு இரண்டு கண்ணாடித் தட்டுகளில் ஜெல்லி மாதிரி உறையவைத்தாள். மெஷின் ஓட்டுவதற்கு முன்னால் கார்பெட்டைத் தொட்ட பஞ்சை ஒன்றில் தடவினாள், ஓட்டிய பின் தொட்டதை மற்றதில் தடவினாள். எதில் கிருமி வளர்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அப்புறம் பார்த்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. தட்டுகளைச் சர்ச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள்.

எங்கள் சர்ச் விருந்துக்கு ஆளுக்கு ஒரு பாத்திரத்தில் ஏதாவது சமைத்துக் கொண்டுவருவோம். அடியில் பெயர் எழுதிய பட்டை ஒட்டியிருக்கும். மேஜையில் பாதி ஜெல்லியாகத்தான் இருக்கும். கேரட் போட்ட ஜெல்லி, முட்டைக்கோஸ் போட்ட ஜெல்லி, மீன் போட்டதுகூட உண்டு. சமையலறை ஆர்டெலின் ராஜ்ஜியம். பெயர் இல்லாத இரண்டு ஜெல்லி அலமாரியில் இருப்பதை அவள் பார்த்திருக்கிறாள். யாரோ கூச்சப்பட்டுப் பெயர் போடாமல் வைத்திருக்கிறார்கள், பாவம், என்று நினைத்து, மேலே க்ரீம் பூசி ஒரு செர்ரியும் வைத்து மேஜைக்கு அனுப்பிவிட்டாள்.

நாங்கள் இதைக் கண்டுபிடித்தபோது விருந்து பாதி முடிந்திருந்தது. அலமாரி காலி. சோல்வெய்க் மேஜைக்கு ஓடினாள், நான் அவளுக்கு முன்னால் ஓடினேன். ஒரு தட்டு தொடாமல் இருந்தது. மற்றது துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அதன் எதிரில் ஹார்லன் உட்கார்ந்து உதட்டோரத்து க்ரீமைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"முழுசையும் நீங்களா சாப்பிட்டீங்க?" என்றாள் சோல்வெய்க்.

"யாருமே தொடலை. செஞ்சவங்க மனசு நோகுமேன்னு ரெண்டாந்தரமும் போட்டுக்கிட்டேன். கொஞ்சம் புதுசாத்தான் இருந்துச்சு."

சோல்வெய்க் விஷயத்தைச் சொன்னாள். ஆர்டெல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எந்தத் தட்டு எது என்று யாருக்கும் தெரியவில்லை, க்ரீம் எல்லாவற்றையும் மூடியிருந்தது. சோல்வெய்க் ஹார்லனை நாக்கை நீட்டச் சொன்னாள். நாளை வரை ஒன்றும் ஆகவில்லை என்றால் விளக்கு வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாமா என்று யோசனையாகக் கேட்டாள். பாவி, அப்போதும் அவளுக்கு மெஷின்தான்.

நான் நாளை நாளை என்று இழுத்ததில்தான் இந்த மனிதர் கார்பெட் அழுக்கைத் தின்று உட்கார்ந்திருக்கிறார். இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? எனக்குப் பயத்தில் ஆத்திரம் வந்தது. சர்ச் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதும் மறந்துவிட்டது.

"முகம் தெரியாத எவளோ ஒருத்தி மனசு நோகும்னு விஷத்தைக்கூட ரெண்டாந்தரம் போட்டுத் திம்பீங்க. என் மனசு நோகும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா? அரிசோனாவுக்குப் போகாதீங்க ஹார்லன். நீங்க இங்கயே இருக்கணும். எனக்கு நீங்க வேணும்."

கூடத்தில் எல்லோரும் அவரவர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். எங்கள் ஊரில் ஒருத்தி துணியில்லாமல் வந்து நின்றிருந்தாலும் இவ்வளவு சங்கடப்பட்டிருக்க மாட்டார்கள். எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

ஹார்லன் என்னை நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து நாற்காலியை மெதுவாக இழுத்துப் போட்டார்.

"எனக்கு மட்டும் போகணும்னு ஆசையா லவோன்? மகள் வான்னு கூப்பிட்டா. இங்க இருன்னு யாரும் சொல்லலியே."

நான் உட்கார்ந்தேன்.