கஸ்பர் காணாத நீலப் பறவை

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. பொய் என்னுடையது, மாட்டுப்பட்டது கஸ்பர்.

(பொய் என்பது கடுமையாக இருக்கிறதே என்று ‘அலங்காரம்’ என மாற்றிப் பார்த்தேன். பொய்தான்.)

2

முதல் ஆரம்பம்: ‘டோர்செட் பார்க் மாடிக் கட்டடத்தின் மேல் பனி மெல்ல...’ வேண்டாம். ரொறன்ரோவில் எழுதுகிற எல்லோரும் பனியில்தான் தொடங்குகிறோம். அலுத்துவிட்டது.

இரண்டாவது: கஸ்பர் தன் அகதி விண்ணப்பத்துக்குக் கதை எழுதுவிக்க என்னிடம் வந்தார். முல்லைத்தீவுக் காட்டில் மூன்று நாள் ஒளிந்திருந்தவர். நான் எழுத்தாளன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“விடியக் காட்டுக்கோழி கூவினது அண்ணை. அப்பதான் உயிரோட இருக்கிறன் எண்டு விளங்கினது.”

கோழியா? எனக்குப் பிடிக்கவில்லை. இலங்கையில் மட்டும் வாழும் பறவைகளின் பட்டியலை இணையத்தில் தேடினேன். சிவந்த சொண்டும் நீல இறகும் நீண்ட வாலுமாக ஒன்றைப் பிடித்து, கோழிக்குப் பதிலாக அவர் ஒளிந்திருந்த காட்டு மரத்தில் இருத்தினேன். வேலைக்கு நேரமாகுது என்று கஸ்பர் வாசித்துப் பாராமலே கையெழுத்துப் போட்டார்.

3

விசாரணையில் அதிகாரி கேட்டாராம்: தெற்கின் ஈர மலைக்காட்டுப் பறவை முல்லைத்தீவுக்கு எப்படி வந்தது?

கஸ்பர் திருப்பிக் கேட்டிருக்கிறார்: “எந்தப் பறவை?”

[இங்கே அதிகாரியைக் கொடியவராக்கி ஒரு பந்தி எழுதி வெட்டிவிட்டேன். அவர் கேட்டது சரியான கேள்வி.]

இனி அவர்கள் எதை நம்புவார்கள்? நம்பாவிட்டால் கஸ்பரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. பறவை மேல், வாசிக்காத கஸ்பர் மேல், கடைசியில்தான் என் மேல். பட்டியலை மறுபடி திறந்தேன். அதே பட்டியலில் காட்டுக்கோழியும் இருக்கிறது! அதுவும் அந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லை. வன்னிக் காடுகளிலும் திரிகிறது. அவர் சொன்னதை அப்படியே எழுதியிருந்தால் போதும்.

4

முடிவு அ: கஸ்பரை ஏற்றுக்கொள்கிறார்கள்.

முடிவு ஆ: விமான நிலையத்தில் கஸ்பர்... இல்லை, இதை எழுதமாட்டேன்.

வியாழக்கிழமை மறு விசாரணை. நீலப் பறவை என் கற்பனை என்று நான் சத்தியக்கடதாசி கொடுக்கவேண்டும். முதல் வரைவிலேயே மூன்று உவமைகள் வந்துவிட்டன. சனியன் பிடித்த கை. நேற்று கஸ்பர் போன் எடுத்தார்.

“பேசாமல் கோழியை எழுதுங்கோ அண்ணை. நான் காட்டில கேட்டது அதைத்தான்.”

“என்னில கோவமில்லையோ?”

“கோவம்தான். முதல்ல எழுதுங்கோ.”

முடிவை என்னிடம் கேட்காதீர்கள். இந்த மனிதனின் கதையில் இன்னொன்றைக் கற்பனை செய்ய எனக்கு உரிமையில்லை. வியாழன் வரைக்கும் நான் எழுதக்கூடியது ஒரு வரிதான்:

விடியக் காட்டுக்கோழி கூவியது.