நமசிவாயம் வீட்டு மாடியில் பெய்த எழுத்துகள்

2006ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் முழுவதும் கொழும்பு வெள்ளவத்தையில் நமசிவாயம் வீட்டு மொட்டைமாடியில் மட்டும் எழுத்துகள் பெய்தன. இரண்டு பக்கத்து வீடுகளிலும் வெயிலில் உடுப்புக் காய்ந்துகொண்டிருந்தது. விழுந்தவை முழு எழுத்துகள் அல்ல. தலை போன ககரம், தனித்த கொம்பு, எதனுடையது என்று தெரியாத அரவு என்கிற துணைக்கால், பாதி மகரம். எல்லாம் கறுப்பு, உள்ளங்கை அளவு, அப்பளத்தின் பாரம். ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தரான நமசிவாயம் முதல் வாரம் விளக்குமாற்றால் கூட்டிப் பார்த்தார். பிறகு தண்ணீர்த் தாங்கியை மூடிவிட்டுத் தன் பாட்டில் இருந்தார். காலி வீதிச் சோதனைச்சாவடியிலிருந்து சிப்பாய்கள் வந்து ஒரு பை நிறைய அள்ளிப் போய்ச் சோதித்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். “அகுரு நே,” எழுத்துதானே என்று சிங்களத்தில் சொன்னான் ஒருவன். வெடிக்காத பொருளைப் பற்றி அந்த ஆண்டு யாரும் இரண்டாம் தடவை விசாரிக்கவில்லை.

நமசிவாயத்தின் மகள் அருந்ததி கணினிப் பொறியியலாளர். ஆவணியில் சண்டை மூண்டு யாழ்ப்பாணப் பாதை மூடப்பட்டுத் தொலைபேசியும் அறுந்தது. ஐப்பசி பிறந்ததும் ஒரு தொண்டு நிறுவனம் அங்கிருந்து வானத்துச் செய்மதி வழியாகச் செய்திகளை எடுத்துக் கொழும்பு உறவினர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது. வருவது எழுத்தல்ல, எண்கள். ஒரு தமிழ் எழுத்துக்கு மூன்று எண்கள். அதோடு ஒட்டும் அரவுக்கோ கொம்புக்கோ தனியாக இன்னும் மூன்று. அவற்றை மறுபடி எழுத்தாக்கும் புரோகிராமை எழுதியவள் அருந்ததி. வானம் மூடியிருந்தால் வழியில் ஓர் எண் தவறிப்போகும். எழுத்து குறைப்பட்டு வந்து சேரும். அப்படி வந்தால் நின்று அழாதே, கழித்துவிட்டு மேலே போ என்று அவள் புரோகிராமுக்குச் சொல்லியிருந்தாள். அது ஒரு நாளும் நின்றதில்லை. அலுவலகத்தில் அதற்காக அவளுக்குக் கேக் வெட்டினார்கள்.

கொட்டாஞ்சேனை புளோறன்ஸின் கணவர் றொபேட் கப்பல் இயந்திரம் திருத்துபவர். பருத்தித்துறையில் பழுதான ஒரு படகைப் பார்க்கப் போன இடத்தில் பாதை மூடி அங்கேயே அகப்பட்டுக்கொண்டார். இரண்டு மாதம் ஒரு தகவலும் இல்லை. பிறகு அந்தச் சேவையில் ஒரு வரி வந்தது: ‘றொபேட் வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் இந்தார்.’

அந்தக் கடைசிச் சொல்லை வீட்டார் மாறி மாறி வாசித்தார்கள். இருந்தாரா, இறந்தாரா? திருப்பிக் கேட்க வழியில்லை. மறுநாளே பருத்தித்துறைப் பக்கத்துச் செய்மதித் தொடர்பு மட்டும் நின்றுவிட்டது. றொபேட்டின் அண்ணன் ஹெக்டர் ஒரு கிழமை பொறுத்தார். பிறகு, நல்ல செய்தி என்றால் இவ்வளவு கட்டையாக எழுதமாட்டார்கள் என்று முடிவுசெய்து, பாதரிடம் இறந்தோர் பூசைக்கு நாள் கேட்டார், பாடகர் குழுவுக்குச் சொன்னார், தம்பி மனைவிக்குக் கறுப்புத் துணியும் வாங்கி வந்தார். புளோறன்ஸ் அதைப் பிரிக்காமல் அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு, அந்தச் சேவையின் அலுவலகத்தைத் தேடி வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினாள்.

“ஓம் அன்ரி, ஓர் எழுத்து பழுதாகி வந்திருக்கு,” என்றாள் அருந்ததி. “அப்பிடி வந்தால் புரோகிராம் அதை எறிஞ்சுபோடும்.”

“எங்க எறியும்?”

“எங்கயும் இல்லை. இல்லாமல் போயிடும்.”

“மகள், ஒரு சாமானை எறிஞ்சால் அது எங்கயாவது விழத்தானே வேணும்?”

அருந்ததிக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் புரோகிராமை ஓடவிட்ட அன்று பின்னேரம்தான் மாடியில் முதல் எழுத்து விழுந்தது. இத்தனை நாளும் அதை மிதித்துக்கொண்டு உடுப்புக் காயப்போட்டவள் அவள். முகம் சுருங்கிப்போனது. “வாங்கோ அன்ரி,” என்று கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

மாடியில் முழங்கால் அளவுக்குக் குவிந்திருந்தது. புளோறன்ஸ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கி, அந்த வரி வந்த தாளை மடியில் விரித்துக்கொண்டு அமர்ந்தாள். வளையல் கடையில் அளவு பார்ப்பதுபோல ஒவ்வொன்றாக எடுத்து, ‘இ’க்கும் ‘ந்’துக்கும் நடுவில் வைத்துப் பார்த்தாள். வேறு வீட்டு எழுத்துகள் தாளில் நிற்காமல் வழுக்கி விழுந்தன. நமசிவாயம் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, தானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேடினார். வெயில் சரியும் வேளையில் ஒன்று தாளைக் கண்டதும் அவள் விரலிலிருந்து துள்ளிப்போய் நடுவில் ஒட்டிக்கொண்டது.

மூவரும் குனிந்து பார்த்தார்கள். எழுத்தின் மேற்பாதி கரைந்துபோயிருந்தது. ர என்றும் சொல்லலாம், ற என்றும் சொல்லலாம். ர, ற இரண்டுக்கும் முதல் இரண்டு எண்களும் ஒன்றே. பிரித்துக் காட்டும் மூன்றாம் எண்தான் வழியில் போயிருந்தது. ஆனால் அதன் கீழே வேறொன்று தொங்கிக்கொண்டிருந்தது: ஒரு கீறலும் படாத உகர வால்.

“இது நல்லாத்தானே இருக்கு! இது ஏன் விழுந்தது?” என்று கத்தினாள் அருந்ததி. அடுத்த நிமிடம் தலையில் அடித்துக்கொண்டாள். அவளுடைய புரோகிராம் பழுதான எழுத்தோடு பக்கத்தில் வந்த நல்லதையும் சேர்த்து விழுங்கித் துப்பியிருந்தது. “அன்ரி, ‘இறந்தார்’ எண்டு எழுத உகரம் வராது. ‘இருந்தார்’ எண்டால்தான் வரும். இருந்திருக்கிறார், அன்ரி!”

புளோறன்ஸ் அந்தக் குவியலின் நடுவில் எழுந்து நின்று, “றொபேட்!” என்று கூப்பிட்டாள். இரயில் பாதைக்கு அப்பால் கடற்கரை வரை கேட்டதாகச் சொல்வார்கள்.

மறுநாளே அருந்ததி புரோகிராமை மாற்றினாள். பழுதானதை இனி எறிவதில்லை. அந்த இடத்தில் கறுத்த சாய்சதுரமும் அதற்குள் ஒரு கேள்விக்குறியும் வரும். பக்கத்து எழுத்தைத் தொடுவதில்லை. வந்த எண்களை வந்தபடியே ஒரு பிரதி வைத்திருக்கும். அதை அவள் ஓடவிட்டதும் மாடியில் மழை விட்டது. ஏற்கெனவே விழுந்தவற்றைத் தேடி மாளிகாவத்தையிலிருந்தும் இரத்மலானையிலிருந்தும் ஆட்கள் தாள்களோடு வந்தார்கள். மாளிகாவத்தை பலீலா, திருமணம் நின்றுவிட்டது என்று நினைத்திருந்தவள், ஓர் அரவைக் கண்டுபிடித்து, அடுத்த நாளே நமசிவாயத்துக்கு வட்டிலப்பம் செய்து கொண்டுவந்தாள். சிலருக்குத் துக்கச் செய்தி முழுமையாகியது. அவர்கள் நமசிவாயத்தின் தோளில் அழுதுவிட்டு, தெரிந்துகொண்டோம் என்று சொல்லிப் போனார்கள். கார்த்திகை முடிய மாடி வெறுமையாகிவிட்டது.

றொபேட் தை மாதம் கப்பலில் திருகோணமலைக்கும் அங்கிருந்து பஸ்ஸில் கொழும்புக்கும் வந்தார். நெருப்புக்காய்ச்சலில் பாதி உடம்பாகியிருந்தார். ஹெக்டர் இறந்தோர் பூசைக்குச் சொன்ன அதே பாடகர் குழுவை நன்றிப் பூசைக்குப் பாடவைத்தார். கறுப்புத் துணியைக் கடையில் கொடுத்துச் சிவப்பாக மாற்றினார். தெருமுனையிலிருந்து வீடுவரை பைலா வாத்தியம் வைத்துத் தம்பியைக் கூட்டிவந்தார். அருந்ததி வெட்கத்தை விட்டு ஆடினாள். நமசிவாயமும் ஆடினார்.

“ஏன் ஐசே, செத்த பூசை வச்சிருந்தால் ஆக்கள் கனக்க வந்திருப்பினமோ?” என்று றொபேட் பந்தியில் கேட்டார்.

“வந்திருப்பினம். இப்ப அதைவிடக் கூட வந்திருக்கினம். பேசாமல் சாப்பிடு,” என்றார் ஹெக்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அந்தச் சம்பவத்தைக் கொட்டாஞ்சேனையில் யாரும் அற்புதம் என்று சொல்வதில்லை. அற்புதங்களுக்கென்று கொச்சிக்கடையில் ஏற்கெனவே ஒரு கோயில் இருக்கிறது. இது வெள்ளவத்தையில் ஒரு மாடியில் நடந்த காரியம் என்றுதான் சொல்வார்கள்.