வலது காது

“ஆரம்பத்துல மட்டும் கேக்குதுண்ணே. அப்புறம் வலது பக்கம் செத்துப் போயிருது” என்று சொல்லி, அசோக்குமார் இயர்போனைக் கண்ணாடி மேசைமேல் வைத்தான். புறக்கோட்டைப் புடவைக் கடையொன்றில் பில் போடுகிறவன். ரிம்ஸான் அதை வாங்கி, சோதனைக்கென்று வைத்திருக்கும் பழைய ஹிந்திப் பாட்டைப் போட்டுப் பார்த்தான். இரண்டு பக்கமும் கேட்டது.

“நல்லா ஈக்கி. கொண்டு போங்க.”

அசோக்குமார் நம்பாமல்தான் போனான். அவனுக்கு முன் வந்தவர்களும் அப்படித்தான் போனார்கள். காலையிலிருந்து ஒரே முறைப்பாடு. சந்தையில் மலிவாக இறக்கிய இயர்போன்களின் குற்றம் என்று ரிம்ஸான் நினைத்துக்கொண்டான். எந்தப் பாட்டில் காது செத்தது என்று அவன் கேட்கவில்லை. வந்தவர்களும் சொல்லவில்லை.

எனக்குத் தெரியும். பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு, இரவு முழுக்க அவுஸ்திரேலியாக்காரர்களின் தொலைந்த பார்சல்களுக்குத் தொலைபேசியில் பதில் சொல்கிறவன் நான். விடிந்தபின் என் அறைக்குள் தகரச் சூட்டில் படுக்க முடியாது. அதனால் வெள்ளவத்தையில், காலி வீதியோரக் கட்டடமொன்றின் படிக்கட்டுக்குக் கீழே ரிம்ஸான் வைத்திருக்கும் ஃபோன் திருத்தும் கடையில் வந்து உட்கார்ந்திருப்பேன். இருவரும் அதிகம் கதைப்பதில்லை. எனக்கு அது பிடிக்கும்.

‘உப்புத் தண்டவாளம்’ இசைக்குழு ஆறு வருடத்துக்குப் பிறகு ஒரு பாட்டு விட்டிருந்தது. வேலையில் அழைப்பு வராத நேரமெல்லாம் ரசிகர்கள் எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தேன். கொட்டாஞ்சேனையில் ஒருவன் ஆட்டோவில் போகும்போது கேட்டுவிட்டு, இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் பாட்டு முடியும்வரை ஓட விட்டானாம். டோஹாவில் ஒருவன் கொங்கிரீட் கலவை காயக் காயக் கேட்டானாம். பாட்டுக்கு அழுகிற ஆட்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். ஆனால் இவர்கள் அழவில்லை. பெரிய மழைக்கு ஒதுங்கி நிற்கிறவர்களைப்போல, ஒரு வரி எழுதிவிட்டு அடங்கிப் போயிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் இன்னொரு கூட்டம் கத்திக்கொண்டிருந்தது: ட்ரம்ஸ் எங்கே, வலது பக்கம் ஏன் கேட்கவில்லை, மிக்ஸிங் செய்தவனுக்குக் காது கேட்காதா.

உப்புக்காரர்களின் பாட்டில் வலது பக்கம் எப்போதும் ட்ரம்ஸ் மட்டும்தான். முதல் பாட்டைக் கொட்டாஞ்சேனையில், பாடகன் ஜெனிஸ்டனின் வீட்டு முன்னறையில் பதிந்தபோது அவர்களிடம் இருந்தது இரண்டே மைக். ஒன்று ட்ரம்ஸுக்கு, மற்றது மிச்ச எல்லாவற்றுக்கும். முதலாவதை வலம், மற்றதை இடம் என்று போட்டுவிட்டார்கள். கேட்டவர்களுக்கு அது பிடித்துப்போக, காசு வந்தபிறகும் மாற்றவில்லை. வலது காது முழுக்க ரிம்ஸான். இந்த ரிம்ஸான்தான்.

2019 சித்திரையில், ஈஸ்டர் அன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தபின், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்காகக் கொட்டாஞ்சேனையில் ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். போஸ்டரில் ரிம்ஸான் என்று ஒரு முஸ்லிம் பெயர் இருந்தால் சனம் பயப்படும் என்று ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள். இந்த ஒரு முறை மட்டும் வேறு ஆளை வைத்து வாசிப்போம் என்று ஜெனிஸ்டன் ஃபோனில் சொன்னான். ரிம்ஸான் “சரி” என்றான். ட்ரம்ஸை விற்றான். ஜெனிஸ்டனின் நம்பரை ப்ளொக் பண்ணினான். அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு அவர்களும் வாசிக்கவில்லை. இனி அவர்களின் சத்தம் தன் காதில் விழாது என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருந்தான். விழவும் இல்லை. அவன் கேட்காததை நான் கேட்பது சரியாகப் படாததால், புதுப் பாட்டை நானும் போட்டுப் பார்க்கவில்லை.

பத்து மணியளவில் பர்ஹா வந்தாள். கிருலப்பனைப் பக்கம் ஃபார்மஸி ஒன்றில் வேலை. வந்ததும் ரிம்ஸானை அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிட்டு, பையிலிருந்து பில்லை எடுத்து நீட்டினாள்.

“நேத்து உங்கட்டத்தான் வாங்கின, நானா. ஒரு பக்கம் வேல செய்யல்ல. மாத்தித் தாங்க.”

ரிம்ஸான் ஹிந்திப் பாட்டைப் போட்டான். “ரெண்டு பக்கமும் கேக்குதே.”

“அதுல கேக்கும். இதுல கேட்டுப் பாருங்க.” தன் ஃபோனை நீட்டினாள். “உப்புட புதுப் பாட்டு.”

அவன் கை நீளவில்லை. “பாட்டு பழுதாயீக்கும்.”

“கேக்காமலே சொல்றீங்களே. சாமானையும் இப்பிடித்தான் விக்கிறயா?”

நான் சிரிப்பை அடக்கினேன். அவளிடம் பில் இருந்தது. மாற்றிக் கொடுத்துவிட்டு அனுப்பியிருக்கலாம். ஆனால் பழுதில்லாத சாமானைப் பழுதென்று எடுத்து வைப்பது அவனால் முடியாத காரியம்.

“சின்னதுல நானும் மாமிட மக மச்சியும் ஒரு இயர்போன்லதான் கேப்போம்” என்றாள் பர்ஹா. “அவளுக்குப் பாடுற ஆள் வேணும். இடது காத அவ எடுத்துக்குவா. எனக்கு எப்பவும் வலதுதான். உப்புட பாட்டு ஒண்டும் எனக்கு ஒழுங்காத் தெரியா, நானா. ட்ரம்ஸ் மட்டும் அடியிலயிருந்து நுனி வரக்கும் தெரியும்.” குரலைத் தாழ்த்தினாள். “அந்த ட்ரம்ஸ் அடிச்சவர் உசிரோட இல்ல, மௌத்தாகிட்டார் எண்டு ஃபேன் குரூப்ல போட்டீக்கி. உண்மையா?”

“இல்ல” என்றான் ரிம்ஸான். “கட ஒண்டு போட்டீக்காம்.”

பிறகு இயர்போனை இரண்டு காதிலும் வைத்துக்கொண்டு அவளுடைய ஃபோனில் பாட்டைத் தொட்டான்.

அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் சில நொடிகளிலேயே பாட்டை நிறுத்தினான். திரும்பத் தொடக்கத்துக்குக் கொண்டுபோனான். மறுபடியும் நிறுத்தினான்.

“எண்ணுறான்” என்றான், என்னைப் பார்த்து.

“ஆர்?”

“ஜெனிஸ்டன். வலது பக்கத்துல. எக்காய், தெக்காய், துனாய், ஹத்தராய் எண்டு.”

அது சிங்கள எண்ணிக்கை. சிங்கள மாஸ்டர் ஒருவரிடம் பள்ளிக்கூட பேண்டில் பழகியவன் ரிம்ஸான். எந்தத் தமிழ்ப் பாட்டையும் சிங்களத்தில் எண்ணித்தான் தொடக்குவான். மற்ற மூவரும் அதற்கு அவனைக் கிண்டலடித்தே களைத்துப்போனவர்கள்.

“அதுக்குப் பிறகு?”

“ஒண்டுமில்ல.”

பர்ஹா மேசைமேல் குனிந்தாள். “அப்ப பழுதுதானே, நானா?”

“பழுதில்ல. அந்தப் பக்கம் ஆள் வரல்ல.”

அவள் பில்லை மடித்துப் பைக்குள் வைத்தாள். ஆனால் போகவும் இல்லை.

ரிம்ஸான் இடது காதிலிருந்ததைக் கழற்றி என்னிடம் தந்தான். வயர் எட்டாததால் நான் கதிரையை இழுத்துக்கொண்டு அவன் தோளோடு உட்கார்ந்தேன். கிதார் வந்தது. ஜெனிஸ்டனின் குரல் வந்தது. முன்பைவிட மெலிந்து, சில இடங்களில் மூச்சு போதாமல். ஒவ்வொரு வரிக்குப் பின்னும் அவர்கள் நின்றார்கள், யாரோ கடந்துபோக வழி விடுகிறவர்களைப்போல. இது மன்னிப்பா, வெறும் வெட்கமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டானாலும் ஒரு முழுப் பாட்டின் பாதியைக் காலியாக விட்டு உலகத்துக்குக் காட்ட ஒருவருக்குத் துணிவு வேண்டும். என் காதில் இவ்வளவும் நடந்துகொண்டிருக்க, ரிம்ஸான் தன் காதில் ஒன்றுமே வராத அந்தச் சின்ன ரப்பரை விரலால் அழுத்திப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

வெளியே நூறாம் நம்பர் பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஹோர்ன் அடித்தன. இயர்போனைக் கையில் பிடித்தபடி இன்னும் இருவர் வந்தார்கள். பர்ஹா உதட்டில் விரல் வைத்துக் காட்டியதும், ஏனென்று கேட்காமல் அப்படியே நின்றார்கள்.

பாட்டு முடிந்தது. ரிம்ஸான் அதைத் திரும்பத் தொட்டான். நான் தற்செயலாகக் கீழே பார்த்தேன். மேசைக்கடியில், செருப்பு கழன்ற அவன் வலது கால், ட்ரம்ஸின் பெடலை மிதித்துப் பழகிய கால். விரல்கள் சீமெந்தை ஊன்றியிருந்தன. குதி நிலத்தைவிட்டு எழுந்து, இறங்காமல் அங்கேயே நின்றது.