இரண்டு நூல்களுக்கு நடுவே

மார்ச் 12, வியாழன். பலகையில் ஒரு தப்பு செய்திருக்கிறேன். கடைசிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளின் குண்டுக் கணக்கைக் குறைத்துக் காட்டிவிட்டேன். சனிக்கிழமை கண்காட்சி.

நாட்குறிப்பில் இதற்கு மேல் அவளுக்கு எழுத வரவில்லை. மாலை வகுப்பில் புள்ளியியல் படிக்கிறவள். வாசல் கதவைப் பூட்டினாலும் திரும்பி வந்து ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். அவளுக்கே இப்படி.

நாட்டில் எந்த ஆண்டு எத்தனை அணுகுண்டு இருந்தது என்பதைச் சொல்லும் பலகை அது. ஆண்டுக்கு ஓர் ஆணி; ஆணிகளைத் தொட்டுப் போகும் ஒரு சிவப்பு நூல். நூல் ஏறிய ஏற்றத்துக்குப் பலகை போதாமல், அப்பா மேலே ஒரு துண்டுப் பலகையை ஒட்டிக் கொடுத்திருந்தார். அந்த உச்சி ஆண்டுகளில் குண்டுத் தொழிற்சாலையில் கடைசல் வேலை பார்த்தவர் அவர். இப்போது அதே தொழிற்சாலையில் அக்கா பழைய குண்டுகளைக் கழற்றிப் பிரிக்கிறாள்.

தப்பு பிடிபட்டது அன்று மாலை, அக்கா ஷிஃப்ட் முடிந்து வந்து காலை நீட்டியபோது.

"நீங்க ஏத்தி வச்சத இறக்கறதுக்குள்ள எனக்கு இடுப்பு ஒடியுதுப்பா."

"பின்னே? ஒரு திருகாவது ஆடுச்சா சொல்லு. அப்பன் வேலைடி அது!"

"அதான் கழட்டவே வரமாட்டேங்குது. கிடங்குல வரிசையா காத்திருக்கு. இருக்கறத முடிக்கவே இன்னும் பத்து வருஷம் ஆகும்."

தங்கைக்குச் சுருக்கென்றது. பலகையில் நூல் அடிமட்டத்துக்கு வந்துவிட்டதே! அப்புறம் அக்காவுக்குப் பத்து வருஷ வேலை எங்கிருந்து வந்தது?

"அக்கா, ராணுவம் வேண்டாம்னு ஒதுக்கிட்டா அந்தக் குண்டு ஒழிஞ்ச மாதிரிதானே?"

"நல்லாருக்கே! அப்பா வேலைக்குப் போறதில்ல. அதுக்காக வீட்டுல ஆள் குறைஞ்சிடுச்சா?"

"என்னை எதுக்குடி இழுக்கறே?" என்றார் அப்பா.

தங்கை, எண்களை எடுத்த அரசு அறிக்கையை மறுபடி புரட்டினாள். படையில் இருப்பவை ஒரு பத்தியில். பிரிக்கக் காத்திருப்பவை அடுத்த பத்தியில். அவள் எடுத்தது முதல் பத்தியை மட்டும்.

பேசாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. அந்தச் செங்குத்தான இறக்கத்தைப் பார்த்துத்தான் ஆசிரியர் பலகைக்குக் கண்காட்சி வாசலிலேயே இடம் கொடுத்திருந்தார். சொன்னால் இடம் போகலாம். இரவெல்லாம் புரண்டாள்.

வெள்ளிக்கிழமை வகுப்புக்கு முன்பே போய், அடித்த ஆணிகளைப் பிடுங்காமல், அவற்றுக்கு மேலே இன்னொரு வரிசை அடித்தாள். அதில் சாம்பல் நிற நூலைக் கட்டினாள். உச்சியிலிருந்து இரண்டு நூல்களும் சேர்ந்தே இறங்கின, பாதியில் பிரிந்தன. சிவப்பு சரசரவென்று கீழே போயிற்று. சாம்பல் மெதுவாக, ஆனால் விடாமல் இறங்கியது.

ஆசிரியர் வந்தார். முகம் சுருங்கியது.

"என்னம்மா இது? இறக்கம் அழகா இருக்குன்னுதானே வாசல்ல வைக்கச் சொன்னேன்?"

"முதல்ல தப்பா காட்டிட்டேன் சார். படையில இருக்கறது சிவப்பு. மொத்தமா இருக்கறது சாம்பல். உள்ள தள்ளி வைக்கணும்னா வச்சிடுங்க. ஆனா இதுதான் சரி."

அவர் இரண்டு நூல்களுக்கும் இடையே விரல் வைத்தார். "அப்ப இந்த நடுவுல இருக்கறது?"

"எங்க அக்கா செய்ய வேண்டிய வேலை சார்."

தன் குரல் இவ்வளவு உரக்க வருமென்று அவளே எதிர்பார்க்கவில்லை. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆசிரியர் விரலைச் சாம்பல் நூலோடு கடைசி ஆணி வரை ஓட்டினார்.

"வாசல்லயே இருக்கட்டும். உங்க அக்காவையும் கூட்டிட்டு வா."

வீட்டில் விஷயத்தைக் கேட்ட அக்கா, "என் வேலைக்குப் பலகையா!" என்று சிரித்தாள், பிறகு மறுநாள் போட்டுக்கொள்ள நல்ல உடுப்பைத் தேடி எடுத்து வைத்தாள். மேல் துண்டை ஒட்டியது அவர்தான் என்று பலகையில் எழுதியிருக்கிறதா என்று அப்பா இரண்டு தடவை கேட்டார்.

மார்ச் 13, வெள்ளி. நாளை காலை பலகையை வாசலில் மாட்ட வேண்டும். அடுத்த ஆண்டின் ஆணிகளுக்கு வலது ஓரத்தில் பென்சிலால் இடம் குறிக்க வேண்டும். சுத்தியலை அப்பாவிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.