பச்சைப் புள்ளி

மோகனன் சார் சுழல் நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளி, "இரு ராஜதாசே" என்றார். அந்தக் குவாரியில் எனக்கு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. பதினாறு வருஷம் கல் உடைத்தேன். முழங்கால் போன பிறகு ஆறு வருஷமாக வாசல் சங்கிலிக்குக் காவல். ஆபீஸ் அறையில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. நாற்காலி சுழன்றுவிடாமல் காலைத் தரையில் ஊன்றி நுனியில் உட்கார்ந்தேன். சனிக்கிழமை காலை. ஐப்பசி மழை மூன்று நாளாக விடாததால் வேலை இல்லை. மேனேஜர் மோகனன் சாரும் நானும் அஸ்வந்தும் மட்டும்தான். கல் அரைக்கிற க்ரஷர் ஓடாத நாட்களில் அங்கே வேறொரு சத்தம் கேட்கும். வெட்டின பாறையின் இடுக்குகளில் தண்ணீர் இறங்குகிற சத்தம். அது கேட்டால் பழைய ஆட்கள் யாரும் பாறையடியில் நிற்க மாட்டோம்.

மேசைமேல் செய்தித்தாளை விரித்து அதில் ஒரு இரும்புப் பெட்டியை வைத்திருந்தான் அஸ்வந்த். சபையில் பாடுகிற பாட்டுப் புத்தகத்தின் அளவுதான் இருக்கும். ஹார்டு டிஸ்க் என்றான். வாசல் கேமரா பார்த்ததையெல்லாம் அதுதான் வைத்திருக்குமாம். அதைக் கேமராப் பெட்டியிலிருந்து கழற்றி ஒரு வயரால் ஆபீஸ் கம்ப்யூட்டரோடு சேர்த்திருந்தான். அஸ்வந்துக்கு நெய்யாற்றின்கரையில் கம்ப்யூட்டர் கடை. கை வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்காது.

"டெலிட் பண்ணினா போச்சுண்ணு எல்லாரும் நினைப்பினும். போவாது அண்ணா. பள்ளிக்கூட ரெஜிஸ்டர்ல பேரை வெட்டினா பிள்ளை மாயமாயிருமா? அது பெஞ்சிலதான் இருக்கும். வேற பிள்ளை வந்து அந்த இடத்தில இருந்தாத்தான் இது போவும்."

"கதை வேண்டாம். வேலையைப் பாரு," என்றார் மோகனன் சார்.

"சொல்லணும் சார். நீங்க கேமராவை அப்படியே ஓட விட்டிருந்தா, புதுசு வந்து வந்து விழுந்து ஒரு மாசத்தில பழசு தானா அழிஞ்சிருக்கும். பயந்து ஆஃப் பண்ணிப் போட்டியளே. அதாக்கும் எல்லாம் பத்திரமா இருக்கு."

மோகனன் சார் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தார்.

திரையில், அழித்த படங்களின் பெயர்கள் மளமளவென்று மேலே ஏறின. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பச்சைப் புள்ளி. பச்சை என்றால் கேடில்லாமல் கிடக்கிறது, சிவப்பு என்றால் போய்விட்டது என்றான். ஒரு சிவப்புகூட இல்லை. பெயர் என்று சொன்னாலும் அவை தேதியும் நேரமும்தான். எண்களை நான் தடங்கலில்லாமல் வாசிப்பேன். பத்தொன்பது, ஆறு. ஜூன் பத்தொன்பது. எல்லாம் அந்த ஒரே நாள்.

"சும்மா ஒண்ணை இழுத்துக் காட்டட்டா? மரச்சீனிக் கிழங்கு பிடுங்குத மாதிரி வரும்," என்று அஸ்வந்த் ஒன்றை அழுத்தினான்.

சாம்பல் நிறத்தில் எங்கள் வாசல் வந்தது. மூலையில் ஏழு பத்து என்று நேரம். மழை தூறிக்கொண்டிருக்கிறது. சஜன் நீலப் பையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு வருகிறான். நான் சங்கிலியை இறக்குகிறேன். அவன் தாண்டும்போது என் பக்கம் திரும்பி என்னவோ சொல்கிறான். நான் சிரிக்கிறேன். பல்லெல்லாம் தெரிய, தோள் குலுங்கச் சிரிக்கிறேன். அவன் என்ன சொன்னான் என்று இன்றுவரை எனக்கு ஞாபகம் வரவில்லை.

"அண்ணா, இது நீங்களாக்கும் இல்லியா? நல்ல சிரி."

மோகனன் சார் எட்டி அதை மூடினார். "படம் காட்டவா உன்னை விளிச்சேன்?"

சஜன் எனக்கு அடுத்த வீடு. முப்பத்தைந்து வயது. அன்றைக்குப் பதினொரு மணிக்கு மழை கொஞ்சம் விட்டதும், மேலே ஆடுகிற கல்லைத் தள்ளிவிடச் சொல்லி மோகனன் சார் அவனை இரும்புக் கம்பியோடு பாறையில் ஏற்றினார். பாறைக்குள் தண்ணீர் இறங்குகிற சத்தம் வாசலில் இருந்த எனக்குக் கேட்டது. பிறகு வேறு சத்தம், பாறை சரிகிற சத்தம். பதினொன்று நாற்பதுக்கு ஜீப் வெளியே வந்தது. பின்னால் என்னவோ தார்ப்பாய் மூடிக் கிடந்தது. ஹாரன் அடித்தார்கள், நான் சங்கிலியை இறக்கினேன். அந்திக்கு ஊரில் சொன்னார்கள், சஜன் குடித்துவிட்டுப் பழைய பாறைக்குழித் தண்ணீரில் விழுந்து கிடக்கிறான் என்று. பாறையில் கூட நின்ற இரண்டு ஒடிசாக்காரர்களை மறுநாளே ரயில் ஏற்றிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் மோகனன் சார் என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். காகிதம் தயாராக இருந்தது. "கைநாட்டா, ஒப்பா?" என்று போலீஸ்காரர் கேட்டார். ஒப்பு என்றால் கையெழுத்து. "ஒப்பு," என்றேன். ஐம்பத்தாறு வயதில் எழுத்துப் படித்தவனுக்கு அந்த ஒரு சொல்லைச் சொல்வதில் என்ன இருக்கிறதென்று மற்றவர்களுக்குப் புரியாது. எனக்கு வாசிக்கத் தெரியும், ஆனால் வார்த்தைக்கு அடியில் விரலை வைத்து, உதட்டை அசைத்துத்தான் வாசிப்பேன். இரண்டு பேர் காத்து நிற்கும்போது அப்படி வாசிக்க வெட்கமாக இருந்தது. படித்தவர்கள் செய்வதுபோலக் கண்ணை மேலிருந்து கீழே ஓடவிட்டேன். தலையை ஆட்டினேன். ஒப்புப் போட்டேன்.

அஸ்வந்த் வேலையைத் தொடங்கினான். திரையின் நடுவில் ஒரு நீளக் கட்டம், அதன் இடது ஓரத்தில் நீலம் தலைகாட்டியது. அழித்த இடங்களிலெல்லாம் பூஜ்யமாக எழுதி நிரப்பும், அஞ்சு மணிக்கூர் ஆகும், மற்ற நாட்களின் படங்களுக்கு ஒன்றும் ஆகாது என்றான். திங்கள்கிழமை டிஸ்க்கைக் கொண்டுவந்து கொடுக்கும்படி போலீசில் கேட்டிருந்தார்கள். சஜனின் மனைவி ஜெஸி, கலெக்டர் வரைக்கும் மனு கொடுத்திருந்தாள்.

"கரண்ட் போய் வந்தா இது திரும்ப லிஸ்ட் எடுத்துக் காட்டும் அண்ணா. கீழ ரெண்டு கட்டம் வரும். இடது பக்கத்தை அழுத்துங்க. அவ்வளவுதான்."

இருவரும் பாறசாலைக்குக் கிளம்பினார்கள். படியிறங்கின மோகனன் சார் திரும்பி வந்து என் தோளில் கை வைத்தார்.

"இதுக்கு வேற ஆளை இருத்தலாம். வேற ஆளுக்கு இதில என்ன காரியம்? நீ ஒப்பு போட்ட ஆளாக்கும். இது வெளிய வந்தா எனக்குக் கம்பெனிக்க வக்கீல் உண்டு. உனக்கு யாரு வருவினும்?"

மிரட்டுகிற குரல் இல்லை அது. காய்ச்சலுக்குக் கஷாயம் குடிக்கச் சொல்வதுபோல் சொன்னார். அதுவரைக்கும், பெயருக்கு மேல் எழுத்து தெரியாத கிழவன் என்று நினைத்துத்தான் என்னை இருத்துகிறார் என்று எண்ணியிருந்தேன்.

சங்கிலியைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். இரண்டு சதவீதம். மூன்று. பெட்டிக்குள் ஏதோ சுழன்றுகொண்டிருந்தது, பல்லைக் கடிப்பதுபோல இடையிடையே ஒரு சத்தம். தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது.

எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்ததும் அந்த ஜெஸிதான். சபையின் பின்னால் உள்ள அறையில் சாயங்காலம் வகுப்பு. பரீட்சைக்கு மலையாளம், பாட்டுப் புத்தகம் பார்க்க ஆசைப்பட்டவர்களுக்குத் தமிழும். வந்த கிழடுகள் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான். மற்றதெல்லாம் பிறகு, முதலில் எங்கள் பெயர். இரண்டு வாரத்தில் பெயர் வந்துவிட்டது. வாசிப்பு வர ஒரு வருஷம் ஆனது. வகுப்பு முடிந்து மழையென்றால் சஜன் குடை கொண்டு வந்து வாசலில் நிற்பான். "ஹெட்மாஸ்டரே, மாமன் பாஸாயிருவானா?" என்று கேட்பான்.

அவனை அடக்கம் பண்ணி நாற்பது நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெஸி எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி கிருபாபாய் கட்டன் சாயா போடப் போனாள். ஜெஸி ஒரு காகிதத்தை மேசைமேல் விரித்து, வகுப்பில் சொல்கிற அதே குரலில், "வாசியுங்க மாமா," என்றாள்.

ஸ்டேஷனில் நான் ஒப்புப் போட்டதன் நகல். விரலை வைத்தேன். ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தேன். பத்தொன்பதாம் தேதி சஜன் வேலைக்கு வரவில்லை. வாசலில் இருந்த நான் அவனைப் பார்க்கவில்லை. அதற்கு முந்தின நாள் குடித்துவிட்டு வந்ததால் நானே அவனைத் திருப்பி அனுப்பினேன். சஜன் வாழ்நாளில் கள் மணத்தைக்கூட அறியாதவன். என் குரல் இடறினபோது அவள் திருத்தவில்லை, நான் திரும்பச் சொல்லும்வரை காத்திருந்தாள். கடைசியில் என் விரல் என் பெயரில் வந்து நின்றது.

"எழுத்து நல்லா வந்திருக்கு மாமா," என்றாள். "கடைசி எழுத்துதான் கொஞ்சம் சரிஞ்சு போச்சு."

காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சாயா ஆறிக் கிடந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிறு அவளுக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்து பாடியிருக்கிறேன். அவள் திரும்பிப் பார்த்ததில்லை. அவள் மகளைப் பள்ளிக்கூடத்தில் குடிகாரன் பிள்ளை என்று விளிக்கிறார்கள் என்று கிருபாபாய் சொன்னாள். நான் ஒன்றும் செய்யவில்லை. காலையில் சங்கிலியை இறக்கினேன், சாயங்காலம் ஏற்றினேன்.

பன்னிரண்டு சதவீதத்தில் கரண்ட் போனது.

திரை கறுத்தது. பெட்டிக்குள் சுழன்றது மெல்ல மெல்ல நின்றது. பாறைக்குள் தண்ணீர் இறங்குகிற சத்தம் அறைக்குள் வந்துவிட்டதுபோல இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு பல்பு எரிந்தது. கம்ப்யூட்டர் தானாக விழித்து, அஸ்வந்த் சொன்னதுபோலவே லிஸ்ட் எடுத்தது. இப்போது நடுவில் நிறையச் சிவப்பு. நான் எழுந்து நின்று திரையில் விரலை வைத்தேன். வகுப்பில் வைப்பதுபோல, ஒவ்வொரு வரிக்கும் அடியில். பதினொன்று, சிவப்பு. பதினொன்று இருபது, சிவப்பு. பதினொன்று நாற்பது, தார்ப்பாய் மூடின ஜீப் என்னைத் தாண்டிப் போன நேரம், சிவப்பு. மேலே போனேன். ஏழு பத்துக்கு முன்னால் பச்சைப் புள்ளி அப்படியே இருந்தது.

மோகனன் சார் சிவப்பாகிப் போய்விட்டார். நான் மட்டும் மிச்சம் இருக்கிறேன். சஜன் உயிரோடு, தெளிவாக, நேரான நடையில் வருவதும், பார்க்கவே இல்லை என்று ஒப்புப் போட்டவன் அவன் முகத்துக்கு நேரே சிரிப்பதும்தான் பாக்கி.

கீழே இரண்டு கட்டம் வந்து நின்றன. போன் அடித்தது. மோகனன் சார். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. இடது பக்கத்தை அழுத்தினால் மாலைக்குள் நானும் சிவப்பாகிவிடுவேன். பிறகு அந்தக் காகிதம் ஒன்றுதான் இருக்கும், எல்லோரும் அதைத்தான் வாசிப்பார்கள். அம்புக்குறியை அங்கே நகர்த்தவும் செய்தேன். அது கட்டத்தைத் தாண்டிப் போனது. மறுபடி கொண்டுவரவில்லை. பெட்டியின் வயரைப் பிடித்து இழுத்தேன். அது எளிதாகக் கழன்று வந்துவிட்டது. என் பையிலிருந்து சோற்றுப் பாத்திரத்தை வெளியே எடுத்து மேசையில் வைத்தேன். பெட்டியைத் துண்டில் சுற்றிப் பைக்குள் போட்டுத் தோளில் மாட்டினேன். ஜெஸியின் கையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும்.

படியிறங்கும்போது கீழே ரப்பர் மரங்களுக்கு இடையில் ஜீப்பின் சத்தம் ஏறி வந்தது. நான் வாசலை அடைவதற்குள் அது சங்கிலிக்கு வெளியே வந்து நின்றுவிட்டது. குவாரியிலிருந்து வெளியே போக வேறு வழி கிடையாது. மோகனன் சார் மட்டும்தான் இருந்தார். கண்ணாடியை இறக்கினார்.

"எலே, போன் எடுக்காததென்ன?"

"மழையில கேக்கல்ல சார்."

"கரண்ட் போச்சா? திரும்பப் போட்டியா?"

நான் பூட்டைத் திறந்தேன். சாவி வழுக்கியது. அவர் பார்வை என் முகத்திலிருந்து இறங்கித் தோளுக்கு வந்தது.

"சோறு தின்னல்லியா? பை கனமா தொங்குதே."

நாங்கள் நின்ற இடத்துக்கு நேர் மேலே கம்பத்தில் கேமரா இருந்தது. அதன் வயர் அறுந்து தொங்கி, நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மோகனன் சார் ஜீப்பின் கதவைத் திறந்து ஒரு காலைச் சேற்றில் வைத்தார். சங்கிலியின் கொக்கி என் கையில் இருந்தது. பைக்குள் பெட்டியின் சூடு இன்னும் ஆறாமல் என் விலாவில் பட்டுக்கொண்டிருந்தது.