காலை ஆறு மணியின் நாற்பது சொற்கள்

தோ ஹேவோன் என்பது அவளுடைய பெயர். வயது முப்பத்தொன்று. சியோல் நகரில் தேர்வுக்குப் படிப்பவர்கள் நிறைந்த நோரியாங்ஜின் பகுதியில், கைகளை விரித்தால் இரு சுவர்களும் இடிக்கும் விடுதி அறையொன்றில் மூன்றாண்டுகளாகத் தங்கி, ஒன்பதாம் நிலை அரசு ஊழியர் தேர்வுக்குப் படித்து வந்தாள். நாளுக்கு இருமுறை தெருக்கடையில் கோப்பைச் சோறு வாங்கி நின்றபடியே உண்பாள். விரலால் சுட்டினாலே கடைக்காரி புரிந்துகொள்வாளாதலால், அதற்குக்கூட வாய் திறக்க வேண்டியதில்லை. அவள் இருந்த விடுதியிலோ, பக்கம் புரட்டும் ஓசை தொந்தரவாக இருக்கிறதென்று கதவில் சீட்டு ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஆகவே காலை ஆறு மணிக்கு மட்டும், பேசுவதற்காகக் கைப்பேசியை எடுத்துக்கொண்டு, துணி உலர்த்தும் மொட்டை மாடிக்கு ஏறிப் போவாள்.

இதற்குமுன் எழுதிய இரண்டு தேர்விலும் அவளை வீழ்த்தியது ஆங்கிலம்; அதிலும் குறிப்பாக அருஞ்சொற்கள். ஆங்கிலேயர்களே தம் வாழ்நாளில் எத்தனை முறை சொல்லியிருப்பார்களோ என ஐயுறத்தக்க சொற்கள் அவை.

அவற்றை மனத்தில் ஏற்றுவதற்கு அவ்வட்டாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. முன்பின் அறியாத இருவர் இணையத்தில் விளம்பரம் பார்த்துச் சேர்வர். நாள்தோறும் தொலைபேசியில் அழைத்து, ஒருவரையொருவர் நாற்பது சொற்களுக்குப் பொருள் கேட்பர். பிழையானவற்றைக் கடைசியில் மீண்டும் கேட்க வேண்டும், சரியாகும்வரை விடக்கூடாது. பெயர், ஊர், வயது, சொந்தக் கதை எதுவும் பேசலாகாது.

ஹேவோனுக்கு வாய்த்தவள் தன்னைப் 'பார்லி' என்று சொல்லிக்கொண்டாள்.

"ரெடியா அக்கா?"

"அக்கான்னு யாரு சொன்னா? வயசு பேசக்கூடாதுன்னு விதி இருக்கு."

"வயசை யாரு கேட்டா? கொட்டாவிலயே தெரியுதே. முப்பதைத் தாண்டின கொட்டாவி!"

பார்லி கெட்டிக்காரி. நாற்பதில் ஒன்றிரண்டுக்கு மேல் தவறவிட்டதில்லை. ஹேவோன் தடுமாறும் சொற்களுக்கு அவளே வழி சொல்லிக் கொடுப்பாள்.

"அப்ஸ்ட்ரெபரஸ் மறந்துபோச்சா? ஒண்ணாம் நம்பர் ரயில்ல குடிச்சிட்டு ஏறுவாரே ஒரு பெரியவர், அவரை இறங்கச் சொல்லிப் பாருங்க. என்னா கூச்சல் போடுவாரு! அடங்கவே மாட்டாரு. அதான் அர்த்தம்."

அதன்பின் அச்சொல் ஹேவோனுக்கு மறக்கவே இல்லை.

தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கையில் பார்லி பிழை செய்யத் தொடங்கினாள். முதலில் ஐந்து, பிறகு ஒன்பது, பிறகு பதினான்கு. பதினைந்து நிமிடத்தில் முடிந்துகொண்டிருந்த அழைப்பு முக்கால் மணி நேரமாயிற்று. மார்ச்சுக் குளிரில், உறைந்துபோய் விறைத்து நின்ற துணிகளுக்கிடையே ஹேவோன் கால்மாற்றி நிற்க வேண்டியதாயிற்று. இம்முறையும் தோற்றால் ஊருக்குத் திரும்பிவிடுவதாக அவள் தாய்க்கு வாக்களித்திருந்தாள். அவளுக்கு ஒவ்வொரு நிமிடமும் வேண்டியிருந்தது.

தேர்வுக்கு இருபத்தாறு நாள் இருந்தபோது ஒரு காலை, ஹேவோன் கேட்டாள்:

"அப்ஸ்ட்ரெபரஸ்."

"தெரியல அக்கா."

"ரயில்ல குடிச்சிட்டு வர்ற பெரியவர்?"

"எந்தப் பெரியவர்? கடைசில மறுபடி கேளுங்க." பிறகு தயங்கி, "அங்க ரொம்பக் குளிருதா?"

"சொந்தப் பேச்சு வேணாம்."

"தெரியும், தெரியும். சும்மா கேட்டேன். நேத்து உங்ககிட்ட பேசினதுக்கப்புறம் இப்பத்தான் வாயைத் தொறக்கிறேன். குரலே வரமாட்டேங்குது, பாருங்களேன்."

"அடுத்த சொல்," என்றாள் ஹேவோன்.

அன்று மாலை ஒரு செய்தி அனுப்பினாள்: 'நம் வேகம் ஒத்துவரவில்லை. நாளை முதல் வேறொருவரைத் தேடிக்கொள்ளுங்கள். தேர்வில் வெல்ல வாழ்த்துகள்.' சில நொடிகளில் மறுமொழி வந்தது: 'சரி அக்கா. நீங்க கண்டிப்பா பாஸ் ஆவீங்க.'

புதிதாக வாய்த்த ஆண், இரயில் நிலைய அறிவிப்பைப் போன்ற குரலினன். எட்டே நிமிடத்தில் இருவருக்குமாக எண்பது சொற்களும் முடிந்துவிடும். வணக்கம்கூடச் சொல்லாமல் வைத்துவிடுவான்.

மே மாதத்தில் முடிவு வந்தது. ஹேவோன் எழுத்துத் தேர்வில் தேறியிருந்தாள், ஆங்கிலத்தில் எண்பத்தைந்து. தாய் தொலைபேசியிலேயே அழுதாள். ஹேவோனோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு அரை மணி நேரம், இருபத்தாறு நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம். பார்லி கூடுதலாகக் கேட்டது அவ்வளவே. பதின்மூன்று மணி நேரத்துக்கு மேலாகவே, புத்தகத்தின்மேல் தலை சாய்த்து அவள் உறங்கியிருப்பாள்.

பத்து நாள் தள்ளிப்போட்டாள். பின்னர் ஒரு செவ்வாய்க்கிழமை நண்பகலில் அந்த எண்ணை அழைத்தாள். மறுமுனையில் ஏதோ எந்திரம் இரைந்தது.

"யாரு?"

"நான்... காலைல ஆறு மணிக்கு..."

"அட, அக்காவா! பாஸா?"

"பாஸ். நேர்முகம் மட்டும் பாக்கி."

"நான்தான் சொன்னேன்ல!"

"நீங்க?"

"நான் எழுதவே போகல. குன்சானுக்கு வந்துட்டேன். மாமா மீன்வடைக் கடை வச்சிருக்காரு, அங்கதான் இருக்கேன். இங்க வாயை மூடவே நேரமில்ல, போங்க!"

அவள் சிரித்தாள். ஹேவோனால் உடன் சிரிக்க இயலவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் பேசணும்னு தப்பாச் சொன்னீங்களே, அந்த வார்த்தை எல்லாம் உங்களுக்குத் தெரியும்தானே?"

எந்திரத்தின் இரைச்சல் நின்றது.

"தெரியும்."

"உங்களுக்குத் தெரியும்னு அன்னைக்கே எனக்கும் தெரியும். தெரிஞ்சேதான் அந்த மெசேஜ் அனுப்பினேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்," என்றாள் பார்லி. குரலில் கோபம் சிறிதும் இல்லை. இருந்திருந்தால் ஹேவோன் பொறுத்துக்கொண்டிருப்பாள். "பரீட்சை கிட்ட வந்துட்டா எல்லாரும் அப்படித்தான் அக்கா. விடுங்க."

"என் பேரு ஹேவோன். உங்க பேரு?"

"இப்ப எதுக்குப் பேரெல்லாம்? பார்லின்னே இருக்கட்டும். கடைல ஆளுங்க நிக்கிறாங்க, வச்சிடட்டுமா?"

"வைங்க," என்றாள் ஹேவோன். "வர்ற செவ்வாக்கிழமை கூப்பிடுறேன். நீங்க எடுக்கலைன்னா, அதுக்கடுத்த செவ்வாக்கிழமையும் கூப்பிடுவேன்."