கேரல் ஏன் துப்பினாள்?

விவேக் நகரில் எங்கள் சந்தில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை எனக்குத் தெரியும். பெருமைக்குச் சொல்லவில்லை, என் சமையலறை ஜன்னல் அப்படி அமைந்துவிட்டது. அதனால்தான் தொண்ணூற்றொன்பது ஏப்ரலில் எதிர்வீட்டு நோராவின் மகள் கேரல் துப்ப ஆரம்பித்ததை முதலில் பார்த்ததும் நான்தான்.

கேரலுக்கு இருபத்திரண்டு வயது, டைப்பிஸ்ட். சாயங்காலம் ஜிம்மில் இரும்பு தூக்குவாள். அது பழகிப்போன விஷயம். கேஸ் சிலிண்டரை மாடிக்கு ஏற்ற வேண்டுமென்றால் சந்தே அவளைத்தான் கூப்பிடும், நானும்தான். ஆனால் அந்த வாரம் சோற்றைத் தொடவில்லை, தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்கவில்லை, கொளுத்தும் வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓடினாள். வந்து வாசல்படியில் உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் மக்கில் துப்பிக்கொண்டே இருந்தாள்.

மூன்று பெற்றவளுக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? இருந்தாலும் நிச்சயப்படுத்திக்கொள்ள, உப்பு தடவிய மாங்காய்க் கீற்றை நீட்டினேன்.

"தேங்க்ஸ் ஆன்ட்டி, இதான் வேணும் எனக்கு," என்று பிடுங்காத குறையாக வாங்கி வாயில் அடக்கிக்கொண்டாள். விழுங்கவில்லை, துப்பினாள். இங்கேதான் எனக்குக் குழப்பம். மாங்காயைத் துப்புகிற மசக்கைக்காரியை நான் பார்த்ததில்லை. குழப்பத்தை நானே வைத்துக்கொண்டு, முடிவை மட்டும் நாலு வீட்டில் சொன்னேன்.

சனிக்கிழமை அது நோராவின் காதுக்கே போய்விட்டது. அழுத சத்தம் கேட்டு, ஆறுதல் சொல்ல நானும் போனேன்.

"காலையில நேரா டாக்டர்கிட்ட. வேற எங்கயும் நீ போகக்கூடாது."

"அம்மா, காலையில எட்டு மணிக்கு எடை போடறாங்க, ஸ்டேட் லெவல் பளு தூக்கற போட்டிக்கு. அதை விட்டா ஒரு வருஷம் போச்சு. ஐம்பத்திரண்டு கிலோவுக்குள்ள இருந்தாதான் என் பிரிவுல நிக்க முடியும். உடம்புல இருக்கற தண்ணி வெளிய போகணும், அதுக்குத்தான் துப்பறேன்."

"வெயிட் தூக்கறவ எதுக்கும்மா இளைக்கணும்?" என்று நான் நியாயமாகத்தான் கேட்டேன்.

கேரல் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களும் வாங்க ஆன்ட்டி. கண்ணால பாருங்க. அப்புறம் எந்த டாக்டர்கிட்ட வேணும்னாலும் வரேன்."

மறுநாள் மூவரும் ஒரே ஆட்டோவில் போனோம். எடை போடும் அறையில் பெண்கள் மட்டும். உள்ளாடையோடு ஏறி நின்றவளின் வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. நோரா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"நூறு கிராம் ஜாஸ்தி," என்றாள் நடுவரம்மா. "ஒம்பதரை வரைக்கும் டைம் இருக்கு."

கேரலின் முகம் சுருங்கியது. பிறகு என் பையைப் பார்த்தாள். "ஆன்ட்டி, மாங்கா இருக்கா? புளிப்புக்கு எச்சில் நல்லா ஊறும்."

இருந்தது. டாக்டரிடம் ஆதாரமாகக் காட்ட ஒரு டப்பா கொண்டுபோயிருந்தேன். ஒரு மணி நேரம் நான் கீற்றெடுத்துக் கொடுக்க, அவள் துப்ப, நோரா மக்கைப் பிடித்தாள். நான் யார் கட்சி என்று எனக்கே புரியவில்லை. மறுபடி ஏறினாள். சரியாக ஐம்பத்திரண்டு. நோரா சிலுவை போட்டுக்கொண்டாள்.

மத்தியானம் கேரல் நூற்றைந்து கிலோவைத் தரையிலிருந்து எடுத்து நிமிர்ந்தாள். என் எடையைச் சொல்ல மாட்டேன். என்னையும் தூக்கி மிச்சமும் தூக்கினாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் இடம், ஸ்டேட் டீமில் பெயர் வந்துவிட்டது.

"அப்போ டாக்டர்?" என்று மெல்லக் கேட்டேன்.

"யாருக்கு ருக்மிணி, உங்களுக்கா?" என்றாள் நோரா.

சாயங்காலமே, சொன்ன நாலு வீட்டுக்கும் போய்ச் சொன்னதைத் திரும்ப வாங்கக் கிளம்பினேன். முதல் வீடு சுப்புலக்ஷ்மியுடையது.

"கேரல் பளு தூக்கற போட்டிக்காகத்தான் இளைச்சிருக்காம்மா. வேற ஒண்ணும் இல்ல."

"போங்கக்கா," என்று சிரித்தாள். "கதை விடறதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

போன வாரம் பாதி வாக்கியத்திலேயே நம்பியவள் இவள்.